ஆறு நாளாக லைன் கிடைக்கவில்லை

"வயரப் புடுங்குறது அம்சவல்லிதான். நீ கையும் களவுமா புடிச்சிக் குடு, போதும்" என்றார் கனகசபாபதி.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியின் முதலாளி அவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரகுராமை அவசரமாக வரவழைத்திருந்தார்.

விஷயம் இதுதான். வேலைக்கு வருகிறவர்கள் காலையில் மெஷினில் தங்கள் நம்பரை அழுத்தி விரல் வைக்க வேண்டும். ஒரே ஆள் பல பேருக்கு விரல் வைப்பதாக முதலாளி காதுக்கு எட்டியது. அந்தப் பெயர்களை சர்வரிலிருந்து எடுத்துத் தரும்படி, சென்னையிலிருந்து புரோகிராம் எழுதித் தரும் பாரியிடம் சொல்லியிருந்தார். பட்டியல் வந்ததும் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும்.

பாரியோ ஆறு நாளாக, சர்வருக்குள் வரவே முடியவில்லை, லைன் அறுந்து போகிறது என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். சர்வர் அறையின் சாவி, வருகைப் பதிவு பார்க்கும் அம்சவல்லியிடம். சந்தேகப்பட வேறு ஆள் எதற்கு?

ரகுராமுக்கும் அது சரியென்றே பட்டது. சர்வர் அறைக்குள் போய் அவன் வயரைத் தொட்டதுமே, கதவைத் திறந்துவிட்ட அம்சவல்லியின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, நீங்களே சொல்லிட்டீங்கன்னா நல்லது."

அம்சவல்லி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினோரு பேருக்கு என் விரலத்தான் பதிஞ்சி வச்சிருக்கேன் தம்பி. சுடாத பொம்மைய நாள் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவளுங்க. விரல்ல ரேகையே இல்ல, மெஷினு ஏத்துக்க மாட்டேங்குது. வேலைக்கு வந்து நிக்கிறவளுக்கு எப்படி ஆப்சென்ட்டு போடறது?"

முதலாளியிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாராம். கதை விடாதே என்றுவிட்டாராம்.

"ஆனா வயர நான் தொடல. அந்தப் பழி மட்டும் வேணாம்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வயர் விஷயத்தை ரகுராம் நம்பவில்லை.

வெளியிலிருந்து யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது போனார் என்பதெல்லாம் சர்வரில் பதிவாகியிருக்கும். அதைத் திறந்து பார்த்தான். ஆறு நாளும் பாரி உள்ளே வந்திருந்தார். தினமும் இரண்டு மணி நேரம் இருந்திருந்தார். ஒரு தடவைகூட லைன் அறுபடவில்லை. அவராகவே மூடிவிட்டுப் போயிருந்தார்.

ரகுராமுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாசலுக்கு வந்து பாரிக்குப் போன் போட்டான். வேலையை முடிக்காமல் லைன்மேல் பழியைப் போட்டால் ஆச்சா, இங்கே ஒரு அம்மா மாட்டிக்கொண்டு முழிக்கிறார் என்று பொரிந்து தள்ளினான்.

பாரி குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க மேல சந்தேகம் வரும்னு நெனக்கல சார். பேரெல்லாம் மொத நாளே எடுத்துட்டேன். பதினோரு பேருக்கும் ஒரே விரல். திருட்டுத்தனம்னுதான் நெனச்சேன். அப்புறம் பார்த்தா, தினமும் காலைல ஒவ்வொருத்தரும் அவங்கவங்க விரல ஏழு தடவ, எட்டு தடவ வச்சிப் பார்த்திருக்காங்க. மெஷின் ஏத்துக்காம போனப்புறம்தான் அந்த இன்னொரு விரல். ஏமாத்த வந்தவங்க எட்டு தடவ வச்சிப் பார்ப்பாங்களா சார்?"

"இத முதலாளிகிட்ட சொல்லலியா?" என்றான் ரகுராம்.

"முதலாளிகிட்ட சொல்ல வாயெடுத்தேன். காரணம் வேணாம், பேர் மட்டும் குடுன்னுட்டார். அதான், கம்பெனி வாசல் கேட்டுல இருக்கற கேமராவ வச்சே முகத்தப் பார்த்து வருகை போடற மாதிரி எழுதிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும். அத ஓட்டிக் காட்டிட்டுப் பேசினா கேப்பார். அதுவரைக்கும் தயவுசெஞ்சி லைன சரி பண்ணிடாதீங்க சார்."

ரகுராம் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தான். கனகசபாபதி சர்வர் அறை வாசலிலேயே நின்றிருந்தார். வயரைப் பிடுங்கியது யாரென்று கேட்டார். அம்சவல்லி தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரும் புடுங்கலீங்க. கோளாறு மெஷின்லதான். சரியாவ வெள்ளிக்கிழம ஆயிடும்" என்றான் ரகுராம்.