எதிர்காற்று

ஐம்பது அடி முன்னால் அவள் கணவன் குப்புறக் கிடந்தான். குச்சி நுனியில் கட்டிய வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஐம்பதா, அறுபதா? அவள் எண்ணாமல் விட்டுவிட்டாள்.

கவைக்கொம்பு மான்களுக்கு ஆவல் அதிகம். வெட்டவெளியில் புரியாத ஒன்று அசைந்தால் நெருங்கி வந்து பார்க்கும். வேட்டைப் பயிற்சியின் மாலை வகுப்பில் சொன்னதை எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள்.

ஏழு மான்கள். ஒன்று வரத் தொடங்கியிருந்தது.

அமெரிக்காவின் வயோமிங்கில் இந்த மான் வேட்டைக்கான அனுமதி குலுக்கலில் விழ அவர்களுக்கு நான்கு வருடம் ஆகியிருந்தது.

வேட்டைக்காரர்கள் அணிய வேண்டிய ஆரஞ்சு மேலங்கி அவள் உடம்பில் இருந்தது. அவனுடையது காரில். இறங்கும்போதே கேட்டான்:

"மான் கண்ணுக்கு நான் கல்யாணப் பந்தல் மாதிரித் தெரியணுமா, வாத்தியாரம்மா?"

மானுக்கு அந்த நிறம் தெரியாது. சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னாள்.

இப்போது அவளுடைய தொலைநோக்கியில், மான்களுக்கு அப்பால், மேட்டின் மேல் ஓர் ஆரஞ்சுப் புள்ளி.

வேறொரு வேட்டைக்காரன். படுத்திருந்தான்.

கையில் தனித் தொலைநோக்கி இல்லை. துப்பாக்கி மேல் பொருத்தியதிலேயே கண்ணை வைத்துத் தேடினான். அப்படித் தேடக் கூடாது. பார்க்கும் இடமெல்லாம் குழலும் நீளும்.

குழல் மெல்லத் திரும்பியது.

மான்களைக் கடந்தது.

நின்றது.

தவறாகப் பார்க்கிறேனோ? கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தாள். மறுபடி பார்த்தாள்.

நின்றிருந்தது.

அங்கிருந்து என்ன தெரியும்? காய்ந்த புல்லில் அவள் கணவனின் மண்நிறச் சட்டை. அதன் மேல் அசையும் வெள்ளை.

அந்த மான்களின் பின்புறமும் அதே வெள்ளைதான்.

"கைக்குட்டைய கீழ போடு!"

வாடை மான்களுக்குப் போகக் கூடாதென்று எதிர்காற்றில் வந்திருந்தார்கள். அவள் குரலும் போகவில்லை.

புதர் மறைவிலிருந்து எழுந்தால் மான்கள் ஓடும். ஓடினால் மேட்டிலிருப்பவன் பதறிச் சுடலாம். எழாவிட்டால்?

இதற்கு வகுப்பில் விதி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்களோ. அவள்தான் எழுதாமல் விட்டாளோ.

எழுந்தாள்.

மான்கள் சிதறின. புழுதி மட்டும் மிஞ்சியது.

கணவன் முழங்கையை ஊன்றித் திரும்பினான். குச்சி கையிலேயே இருந்தது.

ஓடினாள். அவனிடம் நிற்கவில்லை. அவனைத் தாண்டிப் போனாள். அவனுக்கு முதுகு காட்டி, மேட்டைப் பார்த்து நின்றாள். இரண்டு கைகளையும் விரித்தாள்.

"நாலு வருஷம்டி! நாலு வருஷம்! மான்தான் போயிருச்சே, இன்னும் யாருக்குக் கையக் காட்டிட்டு நிக்குற?"

மேட்டில் புள்ளி அசையவில்லை.

பின்னால் அவன் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பவில்லை. தன்னை இன்னும் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டாள்.