ஒரே ஒரு பயணம்

சட்டப்படி ஒருவருக்கு ஆயுளில் ஒரே ஒரு விமானப் பயணம்தான். வெளிநாட்டில் குடியேறுகிறவர்களுக்கு அதிலும் திரும்பி வருவது கிடையாது. நறுமுகை கல்யாணமாகி டொரண்டோ போனபோதே அவளுடையது முடிந்துவிட்டது. அவளுடைய பிரசவத்துக்குப் போகவென்று அம்மா சௌமியாவும் அப்பா பிரசன்னாவும் தங்கள் பயணத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள்.

"எனக்குக் குழந்தையே வேண்டாம்மா. நீங்க ஆசைப்பட்டபடி பிரான்ஸுக்கு, அந்த நீஸ் கடற்கரைக்குப் போயிட்டு வாங்க" என்று இரண்டு மாதமாக மல்லுக்கட்டி அனுப்பிவைத்தாள் மகள்.

வெயில் பளபளத்த கூழாங்கல் கரையில் சௌமியா உட்கார்ந்திருந்தாள். பேன்ட்டை மடித்துக்கொண்டு பிரசன்னா தண்ணீரில் நின்றார்.

"வாயேன்!"

"வழுக்கி விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் யாரு தூக்குவா?"

அப்போது நறுமுகை வீடியோவில் அழைத்தாள்.

"அம்மா, எனக்கு அஞ்சு மாசம்."

சௌமியா எழுந்து நின்றாள். "ஏண்டி இப்ப சொல்றே?"

"முன்னாடியே சொல்லியிருந்தா இங்கதானே ஓடி வந்திருப்பே? வந்து என் அடுப்படியிலயே நின்னிருப்பே."

"நின்னா என்னடி? அதுக்குத்தானே இத்தனை வருஷம் வெச்சிருந்தேன்?"

"கடலைக் காட்டும்மா" என்றாள் மகள்.

சௌமியா கைபேசியின் திரையைக் கடல் பக்கம் திருப்பி நீட்டிப் பிடித்தாள். அவள் அழுவது மகளுக்குத் தெரியாமலிருக்க அது வசதியாக இருந்தது.

"ரொம்ப அழகா இருக்கும்மா" என்றது நறுமுகையின் குரல்.

தண்ணீரில் நின்றிருந்த பிரசன்னா திரையைப் பார்த்தார். அதில் மகளின் முகம் இல்லை. அவள் அறையின் கூரை மட்டும் தெரிந்தது.