நாற்பத்தொன்றாம் கேஸ்

நாற்பத்தொன்றாம் கேஸை நான்தான் படித்தேன். புதன்கிழமைக் கூட்டத்தில் எல்லாக் கேஸையும் நான்தான் படிப்பேன்.

பேர் கிடையாது, எண் மட்டும். பேரைச் சொன்னால் மறுநாளே ஏதாவது எம்.எல்.ஏ. கடிதம் வந்து நிற்கும். அது ஒரு பக்கம். தெரிந்தவன் கேஸ் என்றால் டாக்டர்களே பயந்துவிடுவார்கள். எதற்கு வம்பு என்று கூடுதலாக வெட்டிவிடுவார்கள். அதனால் நானே கொண்டு வந்த விதி.

கூட்டமும் என் கைங்கரியம்தான். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

புற்றுக்கட்டியை வெட்டுகிறவர், கதிர் பாய்ச்சிக் கரண்ட் வைக்கிறவர், ஸ்லைடு பார்க்கிறவர் மூவரும் மூன்று ஆஸ்பத்திரியில், ஊரின் மூன்று மூலையில். வாரங்கல்லிலிருந்து வருகிற நோயாளி சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்து முடிப்பதற்குள் கட்டி முந்திக்கொள்ளும். 1981 முழுக்கப் போனில் நச்சரித்தே மூவரையும் செகந்திராபாத்தில் ஒரே மேசைக்கு இழுத்து வந்தேன்.

“கொஞ்சம் சத்தமாப் படிங்க, கோவிந்தராஜன்” என்றார் சர்ஜன் பாலச்சந்திரன்.

படித்தேன். ஆண், நாற்பத்தாறு வயது, சிகரெட் உண்டு. குமாஸ்தா, போனில் பேசுகிற வேலை. குரல் நாணில் புற்று. மாரெட்பள்ளித் தொண்டை டாக்டர் எழுதியனுப்பியது.

பாலச்சந்திரன் யோசிக்கவே இல்லை. குரல்வளையை எடுத்துவிடலாம் என்றார். உயிருக்குப் பயமில்லை. பேச்சு போய்விடும், என்ன செய்வது.

நான் ஃபைலை மேசை நடுவே தள்ளினேன். படிக்கிறவன் கருத்துச் சொல்லக் கூடாது, அதுவும் என் விதிதான்.

கரண்ட் வைக்கிற டாக்டர் ரமா ஃபைலை இழுத்துக்கொண்டார்.

“நக்கோ சார், வேண்டாம். நாண் அசையுதுன்னு எழுதியிருக்கே, ஏன் வெட்டணும்? ஆறு வாரம் என்கிட்ட விடுங்க, பேசிக்கிட்டே வீட்டுக்குப் போவார்.”

ஸ்லைடு பார்க்கும் அனந்தராமன் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிரவே இல்லை. மனுஷன் தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

மேலாகத்தான் இருக்கிறது, ஆழம் போகவில்லை என்றார் கடைசியில்.

பாலச்சந்திரன் ரமாவோடு இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டினார். ஸ்லைடை அவரும் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார். “சரிம்மா, நீங்களே வெச்சுக்குங்க. ஆனா மாசாமாசம் நான் பார்ப்பேன்.”

மூன்று கையெழுத்து, பதினைந்து நிமிஷம். முன்பெல்லாம் இதற்கு இரண்டு மாதம் ஆகும். ஜெயித்துவிட்டோம் என்று எழுந்து கத்தலாம்போல இருந்தது எனக்கு.

அந்த ஆளின் தொண்டையை ஒரு தடவை தானே பார்த்துவிட வேண்டும் என்று பாலச்சந்திரன் நெற்றியில் வட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெளியே இருந்தால் கூப்பிடச் சொன்னார்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. ஃபைலை மூடினேன். மேசையைச் சுற்றிப் போய், அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து நாக்கை நீட்டினேன்.