காற்றடித்தால் தெரியும்

அன்னூர் போகும் வழியிலுள்ள சிற்றூரின் புறக்காவல் நிலையத்தில் சாஜிதா பேகம் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மதியம் அவளுடைய தையல்கடை வாசலில் நின்ற மொபெட்டைக் காணவில்லை. அதில் மாட்டியிருந்த பையில், நாளைக் காலை முகூர்த்தத்துக்குத் தர வேண்டிய மணப்பெண்ணின் பட்டு ரவிக்கைகள். கடைவீதிக் கேமராவின் பதிவை ஓட்டுகிறார் காவலர் தமிழ்வேந்தன். திரை முழுக்க ஒரு ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளை முதுகுதான் தெரிகிறது. “என்னங்க சார் கூத்து இது? கேமராவுக்கு முன்னாடியா பேனர் கட்டுவாங்க?” என்கிறாள். “கேமரா வெச்சதுக்கு நன்றி சொல்லித்தானுங்க அந்தப் பேனரே. கடைக்காரங்க எல்லாரு போட்டோவும் இருக்குது, உங்களுதுங்கூட” என்கிறார் அவர். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடுகிறது. “கொஞ்சம் பொறுங்க அம்மணி, காத்தடிச்சாத் தெரியும்.” திரையில் காற்றடிக்கிறது. பேனரின் கீழ்முனை மேலெழும்ப, நீல மொபெட்டும் அதில் தொங்கும் மஞ்சள் பையும் தெரிகின்றன. “என்ற வண்டிதானுங்க!” அவள் விரல் கண்ணாடியைத் தொடுவதற்குள் பேனர் தாழ்ந்துவிடுகிறது. வெகுநேரம் வெள்ளை. தமிழ்வேந்தன் டீயை உறிஞ்சுகிறார். மறுபடி காற்றடிக்கிறது, மறுபடி பேனர் எழும்புகிறது. கடை வாசலில் வெயில் மட்டும் கிடக்கிறது.