டாக்டர்தான் கொலைகாரன்

“இன்னும் ஒரே ஒரு கொலைகாரன் பேரு உங்க வாயிலேர்ந்து வெளியில வரட்டும் அழகர்சாமி சார், உங்க வீட்டு நம்பரை லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடுவேன். ஆமா!”

சொன்னதோடு நிற்காமல், சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தும் காட்டினார் லட்சுமணன். மாடி வீட்டுக்காரர். தில்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களுக்குள் சுற்றிவரும் கதைப் புத்தகங்களுக்கு அவர்தான் பொறுப்பு. ஆபீஸ் சர்க்குலர் மாதிரியே ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வீட்டு நம்பர்கள் வரிசையாக இருக்கும். படித்தவர்கள் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டுக்குத் தள்ளவேண்டும்.

அழகர்சாமிக்கு மர்மக் கதை என்றால் உயிர். படித்து முடித்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, பாவம். “ஆகா, என்ன கதைங்கிறீங்க!” என்றுதான் ஆரம்பிப்பார். பஸ் ஆபீஸ் வாசலை அடைவதற்குள் கொலைகாரன் பெயர், கத்தியை ஒளித்து வைத்த இடம் எல்லாம் வெளியே வந்துவிடும். போன மாதம் எதிர்வீட்டுச் சந்திரம்மாள் பாதி படித்திருந்த நாவலைக் காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி முடித்து வைத்தார். அந்த அம்மாள் கத்தரிக்காயைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

லட்சுமணன் போனதும், “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?” என்றாள் மனைவி சாந்தகுமாரி. அடுப்பில் மைதாப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். “நம்ம வீட்டை அடிச்சுட்டா எனக்கும்ல புஸ்தகம் வராது? இந்த ஊர்ல அதை விட்டா எனக்கு என்னங்க இருக்கு?”

அழகர்சாமி அடுப்பருகே வந்து நின்றார். “சத்தியமா இந்தத் தடவை வாயைத் தொறக்க மாட்டேன் சாந்தா.”

இந்தத் தடவை என்றது அந்தப் பசைக்குக் காத்திருந்த தொடர்கதையை. மதுரையிலிருந்து சாந்தகுமாரியின் அக்கா வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்துச் சேர்த்து அனுப்புவாள். இவள் ஊசி நூலால் தைத்து அட்டை ஒட்டுவாள். புத்தகம் உருவாவதே இந்த வீட்டில் என்பதால் முதல் ஆளாக அழகர்சாமி படிப்பதை யாராலும் தடுக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தவர் காபி நேரத்துக்குத்தான் நிமிர்ந்தார். கொடைக்கானல் பங்களாவில் ஜமீன்தார் கொலை. கடைசிப் பக்கத்தில் டாக்டரின் கையில் விலங்கு. கீழே, ‘முற்றும்’. அந்த ‘முற்றும்’ கொஞ்சம் கோணலாக இருந்தது. அச்சுக்கோத்தவனுக்கு என்ன அவசரமோ என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். இந்தியா கேட் வரைக்கும் தாங்கியது. அங்கே லட்சுமணன் திரும்பி, “புதுத் தொடர் எப்படி சார்?” என்று கேட்டிருக்கக் கூடாது.

“ஆகா, என்ன கதைங்கிறீங்க! டாக்டர் சார், டாக்டர்! டாக்டர்தான் கொலைகாரன்!”

முன் சீட்டில் இருந்த குவார்ட்டர்ஸ்காரர்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அழகர்சாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். லட்சுமணனின் கை சட்டைப் பைக்குப் போனது.

வெளியே வந்தது கைக்குட்டை. அதை வாயில் வைத்துக்கொண்டு, “அச்சா! டாக்டரா? நான் நினைக்கவே இல்ல சார்” என்றார். தோள் குலுங்கியது.

சாயங்காலம் வீட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பூகம்பத்தை எதிர்பார்த்தவரிடம், “சொல்லிட்டீங்களா? சரி, கை கால் கழுவிட்டு வாங்க” என்றாள் சாந்தகுமாரி. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

மூன்று வாரம் வீட்டு நம்பர் மேல் சிவப்புக் கோடு விழுவதை எதிர்பார்த்தே ஆள் பாதியாகிவிட்டார். புத்தகம் மட்டும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. சந்திரம்மாள் காய்கறி வண்டியருகே அவரை நிறுத்தி, “அந்த டாக்டரைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன் தம்பி” என்று கேட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நாலாவது சனிக்கிழமை லட்சுமணனே ஒரு புது நாவலோடு வந்து நின்றார். சீட்டில் அழகர்சாமியின் வீட்டு நம்பர் கோடு எதுவும் விழாமல் பத்திரமாக இருந்தது.

“நீங்க தாராளமாப் பேசுங்க சார். நீங்க சொன்ன பிறகு படிச்சாத்தான் எங்களுக்கெல்லாம் சுவாரஸ்யமே!”

அழகர்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவழியாக இந்தக் குவார்ட்டர்ஸுக்கும் ரசனை வந்துவிட்டது! சாந்தகுமாரி சந்திரம்மாள் வீட்டுக்குப் போயிருந்தாள். இந்தச் சந்தோஷத்துக்குத் தானே ஒரு டீ போட்டுக் குடிப்பது என்று சமையலறைக்குள் புகுந்தார். சர்க்கரை எந்த டப்பாவில் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தார். ரவை டப்பாவில் ரவைக்கு மேல் மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

பத்திரிகைத் தாள். பிரித்தார்.

‘அத்தியாயம் இருபத்தேழு. “டாக்டரை விடுங்கள் இன்ஸ்பெக்டர், அவர் நிரபராதி!” என்றபடி உள்ளே வந்தார் துப்பறிபவர்...’

தாளின் தலையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. முதல் கையெழுத்து சாந்தகுமாரியுடையது. அதன் கீழே வரிசையாகப் பதினொரு வீட்டுக் கையெழுத்துகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், லட்சுமணனின் சிவப்புப் பேனாவில் ஒரு குறிப்பு: ‘அழகர்சாமி சாருக்கு. மற்ற எல்லாரும் படித்து முடித்த பிறகு மட்டும்.’