நிறைந்த பாட்டில்கள்

இராஜபாளையத்து மில் சங்கு ஊதி ஓய்கிறது. பதினொன்றாம் வகுப்பு எப்சி தன் ஆங்கிலக் கட்டுரையைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறாள்: பூட்டிவைத்திருக்கும் ஆசிரியைகளின் கழிப்பறையை மாணவிகளுக்கும் திறந்துவிட வேண்டும். பரிபூரணம் டீச்சர் வழக்கம்போலக் குறுக்கிடுகிறார். "ஏட்டி, நல்லாத்தான் எழுதிருக்க. ஆதாரம் எங்க?" "எங்க கக்கூசுக்குப் பயந்து யாரும் தண்ணியே குடிக்கதில்ல டீச்சர். நீங்களே பாருங்க." பார்க்கிறார். பெஞ்சுகளில் சாய்ந்து விழும் பிற்பகல் வெயிலில், காலையில் நிரப்பிய பாட்டில்கள் கழுத்துவரை தண்ணீரோடு மின்னுகின்றன. மேசைமேல் அவருடைய பாட்டில் மட்டும் காலியாக நிற்கிறது. பக்கத்திலேயே, கைக்குட்டையில் முடிந்த கழிப்பறைச் சாவி. அவர் கை தானாக நகர்ந்து சாவியை மூடும்போது, வகுப்பு முழுவதும் மரியாதையாகக் கரும்பலகையைப் பார்க்கிறது.