மழையா பாருங்களேன்

ஏரி வற்றத் தொடங்கியதும் நத்தை சேற்றுக்குள் இறங்கி, ஓட்டின் கதவை இறுகச் சாத்திக்கொண்டது. உள்ளே பிடித்து வைத்த ஈரம் மழைக்காலம் வரைக்கும் போதும். பக்கத்திலேயே தவளை, தன் பழைய தோலைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது.

சித்திரையில் ஒரு நாள் தவளை கூப்பிட்டது.

"அக்கா, இடி இடிச்ச மாதிரி இருக்கு. மழையா பாருங்களேன். நான் அசைஞ்சா போர்வை கிழிஞ்சிடும்."

பாவம் என்று நத்தை கதவைத் திறந்து, மண் வெடிப்பு வழியாகக் கொம்பை நீட்டிப் பார்த்தது.

"மழையில்ல தம்பி, மாட்டு வண்டி போகுது."

மூடுவதற்குள் கொஞ்சம் ஈரம் காய்ந்துவிட்டது. பத்து நாள் கழித்துத் தவளை மறுபடி கேட்டது. மூன்றாவது தடவை திறந்து மூடியபோது நத்தைக்கு உடம்பெல்லாம் சுருங்கித் தலை சுற்றியது.

நான்காவது தடவை அது பதில் பேசவில்லை. தவளை கெஞ்சியது, திட்டியது, "செத்துட்டீங்களா அக்கா?" என்று அழவும் செய்தது. நத்தைக்கு மனசு கேட்கவில்லை. இருந்தும் கதவைத் திறக்கவில்லை.

ஐப்பசியில் நிஜமாகவே மழை கொட்டியது. தண்ணீர் கதவைத் தொட்ட பிறகுதான் நத்தை வெளியே வந்தது. தவளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"உயிரோட இருந்துக்கிட்டே பேசாம இருந்தீங்களே! அடுத்த கோடைக்கு உங்க பக்கத்துல படுக்கவே மாட்டேன்."

"சரி தம்பி, அந்தக் கரையில நல்ல சேறு இருக்கு" என்று சொல்லிவிட்டு, நத்தை ஆசை தீரத் தண்ணீர் குடித்தது.